வாசலில் நின்ற ஒப்பாரி

(நவம்பர் 22, புனித செசிலியா விழாவை ஒட்டி வானொலியில் வழங்கிய மறையுரைச் சிந்தனை)



எங்கள் காஞ்சிபுரத்தில் குமரகோட்டம் என்றொரு கோயில் இருக்கிறது. கச்சியப்ப சிவாச்சாரியார் தம் கந்தபுராணத்தை அங்கேதான் அரங்கேற்றினார் என்பார்கள். முதல் நாள், முதல் பாட்டு, முதல் அடி. அவையில் ஒரு புலவர் எழுந்தார். "முதலில் வருகிற இரண்டு சொற்கள் இப்படிப் புணர்வதற்கு இலக்கணத்தில் விதி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அரங்கேற்றம் அன்றைக்கு அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்த ஒருவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலைத் திறந்து, விதி இதோ இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் பாட்டு மேலே சென்றது.

இந்தக் கதையில் வரலாறு எவ்வளவு, வழக்கு எவ்வளவு என்ற வாதம் நமக்கு இப்போது வேண்டாம். கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த ஊரைப் பாருங்கள். இறைவன் முன் பாடுகிற பாட்டில் ஒரு சொல் சரியா என்று கேட்டு நிறுத்துவதை இந்த ஊர் பக்திக் குறைவாக நினைக்கவில்லை.

இதே ஊரில் வாழும் கிறிஸ்தவர்களாகிய நாங்கள், எங்கள் பாட்டு நோட்டை எடுத்து அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. கேட்க வைத்தது ஒரு சாவு.

பிள்ளையார்பாளையத்துப் பக்கம் கூலிக்குத் தறி நெய்தவர் ஒருவர் இறந்துபோனார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வாங்கிய முன்பணம் பாதிகூடக் கழியவில்லை. தறியில் ஏற்றிய சேலை முக்கால் பங்கோடு நிற்கிறது. அடக்கத் திருப்பலியில் எங்கள் பாடற்குழு வழக்கம்போலப் பாடியது. கீபோர்டில் தாளம் ஓடிக்கொண்டிருந்தது. கடவுள் என்னை உயர்த்துவார், என் எல்லையைப் பெருக்குவார், என் பகைவர் முன் வெற்றி தருவார் என்ற பொருள்படும் பாட்டுகள். நல்ல மெட்டு. பிள்ளைகள் நன்றாகவே பாடினார்கள். முன் பெஞ்சில் அவர் மனைவி தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

திருப்பலி முடிந்து உடலை வெளியே கொண்டுவந்ததும், இறந்தவருடைய தாய் ஆலய வாசலில் தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். நெய்ய வைத்தவனே, பாதியில் நூலை அறுத்ததென்ன என்று கடவுளைக் கேட்டார். கேட்டுவிட்டு அவரையே துணைக்கும் கூப்பிட்டார். எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைய வழிபாட்டில் யோபுவின் குரலில் பேசிய ஒரே ஆள் வாசலுக்கு வெளியே இருந்தார்.

அன்று மாலை பாட்டு நோட்டைப் புரட்டினோம். இருநூறுக்கு மேல் பாடல்கள். கடவுளிடம் 'ஏன்?' என்று கேட்கிற பாட்டு ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினோம். தவக்காலப் பகுதியில் பழைய சிலுவைப்பாதைப் பாடல்கள் இரண்டு கிடைத்தன. அவ்வளவுதான்.

நேயர்களே, இது விந்தையான நிலை. விவிலியத்தில் உள்ள திருப்பாடல்கள் 150. அவற்றில் வேறு எந்த வகையையும் விட அதிகமாக இருப்பவை புலம்பல் பாடல்கள். இஸ்ரயேல் மக்கள் அவற்றைப் பாடினார்கள். நம் ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோது அவர் வாயில் வந்தது 22ஆம் திருப்பாடலின் தொடக்கம். அது நன்றிப் பாடல் அல்ல, கைவிட்டதேன் என்ற கேள்வி. திருச்சபையும் ஒவ்வொரு திருப்பலியிலும் முதல் வாசகத்துக்குப் பின் ஒரு திருப்பாடலை வைத்திருக்கிறது. நம் பங்குகள் பலவற்றில் என்ன நடக்கிறது? பதிலுரைப் பாடல் வரவேண்டிய அந்த இடத்தில் 'தியானப் பாடல்' என்ற பெயரில் நமக்குப் பிடித்த ஏதோ ஒன்றைப் பாடிவிடுகிறோம். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. திருப்பாடலுக்கு மெட்டுத் தெரியவில்லை, பாடற்குழுவுக்கு நேரமில்லை, அவ்வளவுதான் காரணம். ஆனால் அந்தச் சின்ன மாற்றத்தோடு புலம்பலும் வழிபாட்டைவிட்டு வெளியேறிவிட்டது.

பாட்டில் இருப்பதுதான் மக்கள் மனத்தில் தங்கும் என்பதைத் திருச்சபை தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டது. எதேசா நகரில் பர்தைசான் என்பவர் பாட்டு எழுதித் தம் கொள்கைகளைப் பரப்பினார். அவருடைய மகன் அர்மோனியு அவற்றுக்கு இனிய மெட்டுகளைச் சேர்த்தார் என்றும், நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித எபிரேம் அந்த மெட்டுகளையே எடுத்துக்கொண்டு சரியான நம்பிக்கையைச் சொல்லும் சொற்களை அவற்றில் வைத்தார் என்றும் வரலாற்றாசிரியர் சொசொமேன் எழுதுகிறார். மெட்டு அதே, சொல் வேறு. சினிமா மெட்டில் பக்திப் பாட்டு வரலாமா என்று நம் பங்குப் பேரவைகளில் இன்று நடக்கும் சண்டைக்கு வயது ஆயிரத்து அறுநூறுக்கு மேல்! புனித அகுஸ்தினாருடைய கவலையோ வேறு. மிலானில் கேட்ட பாடல்களால் அழுது மனம் மாறியவர் அவர். பின்னாளில் 'ஒப்புகைகள்' நூலில், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகம் அசைத்துவிடுகிறதோ என்று பயந்து எழுதினார். கீபோர்டு வருவதற்கு முன்பே அந்தப் பயம் வந்துவிட்டது.

இனித் தமிழுக்கு வருவோம். இங்கே நம் முன்னோர் வைத்துவிட்டுப் போன செல்வத்தைப் பார்த்தால், நம் நோட்டின் வறுமை இன்னும் கூடுதலாகத் தெரியும்.

வீரமாமுனிவர் (1680–1747) இத்தாலியில் பிறந்தவர். புனித சூசையப்பரைத் தலைவராக வைத்து 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். புலவர்கள் மெச்சிய காப்பியம் அது. அதே கையால் கித்தேரியம்மாள் அம்மானையும் எழுதினார். அம்மானை என்பது பெண்கள் ஆடிப் பாடும் வடிவம், எளிய மக்களின் வாயில் ஓடுவது. காப்பியம் எழுதத் தெரிந்தவர், எளிய பாட்டு எழுதும்போது ஏனோதானோ என்று எழுதவில்லை. எளிமை வேறு, அசட்டை வேறு.

அவர் காலத்தவரே யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742). கோவாவில் பிறந்து இலங்கையில் உழைத்தவர். அங்கே டச்சு ஆட்சியின்கீழ் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்டிருந்தார்கள். அந்த மக்களுக்காக அவர் சிங்களத்திலும் தமிழிலும் எழுதினார். தமிழில் அவர் தந்த 'வியாகுலப் பிரசங்கம்' ஆண்டவரின் பாடுகளைப் புலம்பலாகச் சொல்வது. இலங்கைத் தமிழ்ப் பங்குகளில் தவக்காலத்தில் அதை இராகத்தோடு வாசிக்கும் வழக்கம் தலைமுறைகளைத் தாண்டி வந்திருக்கிறது. கேட்டவர்களுக்குத் தெரியும், அது மேடைப் பேச்சு மாதிரி இராது. சாவு வீட்டில் உறவுக்காரர் பேசுவது மாதிரி இருக்கும். ஒடுக்கப்பட்ட சபை தன் அழுகையை ஆலயத்துக்குள் வைத்திருந்தது.

வேதநாயகம் என்ற பெயரில் இருவர் உண்டு. நம்மில் பலர் இருவரையும் ஒருவராக்கிவிடுவதால் சொல்லிவிடுகிறோம். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) லூத்தரன் சபையைச் சேர்ந்தவர், சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரோடு படித்தவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர், முன்சீப்பாக இருந்தவர், 1879-ல் பிரதாப முதலியார் சரித்திரம் தந்தவர். பிள்ளையவர்களின் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் இன்றும் கச்சேரி மேடைகளில் கேட்கின்றன. பல நேரம் பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் அவர் கத்தோலிக்கர் என்பது தெரியாது. கடவுளிடம் உரிமையோடு முறையிடுகிற தொனி அவர் பாட்டில் இயல்பாக வரும். நீதிமன்றத்தில் மற்றவர் முறையீடுகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியதாலோ என்னவோ!

சாஸ்திரியாரின் பெத்லெகேம் குறவஞ்சியை ஒரு முறையாவது புரட்டிப் பாருங்கள். குறத்தி குறி சொல்லும் நாட்டு வடிவத்துக்குள் மீட்பின் வரலாறு வருகிறது, அன்றைய புதிய வானியலும் வருகிறது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அமையும் கீர்த்தனைக்கு ஒரு நன்மை உண்டு. பல்லவி ஒரு உண்மையைச் சொல்லும். ஒவ்வொரு சரணமும் அதை ஒரு படி மேலே கொண்டு போகும். கடைசிச் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது அதே வரிக்குப் பொருள் கூடியிருக்கும். இன்றைய பாட்டுகளில் பல்லவியை எட்டு முறை பாடுகிறோம். எட்டாவது முறையும் அது முதல் முறை சொன்னதையே சொல்கிறது.

ஆனால் 'பழையதெல்லாம் பொன்' என்று சொல்லிவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. சாஸ்திரியார் தம் முதுமையில் புதிய மிஷனரிமாரோடு மோதினார். ஆலயத்தில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று அவர் நின்றது நியாயம். அதே மோதலில், ஆலயத்துக்குள் சாதி வரிசை இருக்கலாம் என்றும் வாதாடினார். எவ்வளவு பெரிய கவிஞர்! நம் பக்கமும் கை சுத்தமில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயத்தையே சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துச் சுவர் வைத்திருந்தார்கள். 1910-ல்தான் அது இடிக்கப்பட்டது. சுவரின் இரு பக்கமும் ஒரே மரியன்னைக்குத்தான் பாடியிருப்பார்கள். சொல்லில் பிழையில்லாத பாட்டு, பாடுகிறவர்களை ஒரே பந்தியில் உட்கார வைக்கவில்லை என்றால், அதன் இறையியல் எங்கேயோ ஓட்டை விழுந்ததுதான்.

இந்த இடத்தில் மதுரையைச் சேர்ந்த தியாபிலஸ் அப்பாவு ஐயரை (1940–2005) நினைக்காமல் இருக்க முடியாது. தென்னிந்தியத் திருச்சபைக் குருவான அவர், அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தார். தலித் மக்களின் கிராமிய இசையில் ஒரு முழு வழிபாட்டையே அமைத்தார். அவர் கடவுளைப் பெற்றவராக அழைத்தார். ஒரே உலையில் சமைத்து எல்லோரும் சேர்ந்து உண்பதை நற்கருணையின் பொருளாகக் காட்டினார். அவர் சொன்ன ஒரு கருத்து எங்களை நெடுநாள் யோசிக்க வைத்தது. எழுதி முடித்துப் பூட்டிய இசையை மக்கள் அப்படியே ஏற்கத்தான் வேண்டும். நாட்டுப்புற இசையையோ பாடுகிறவர்களே தங்கள் வாழ்வுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்றார். அப்படியானால் தரம் என்பதைப் புலவர் மட்டும் தீர்மானிக்க முடியாது. குமரகோட்டத்து அவையில் அந்தத் தாய்க்கும் ஓர் இடம் வேண்டும்.

கத்தோலிக்கராகிய நமக்கு அந்தக் கதவு 1963 டிசம்பர் 4 அன்று திறந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை அன்று வெளியிட்டது. மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுக்கு வழிபாட்டில் உரிய இடம் தர வேண்டும் என்றும், பாடலின் சொற்கள் கத்தோலிக்கப் படிப்பினைக்கு ஒத்தவையாக, முக்கியமாக விவிலியத்திலிருந்தும் திருவழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் எடுத்தவையாக இருக்க வேண்டும் என்றும் அது கேட்டது. நமக்குப் பக்கத்துத் திண்டிவனத்திலேயே இதற்கான நடுநிலையம் உருவாயிற்று. அமலோர்பவதாஸ் அடிகளாரின் (1932–1990) பெயரை அங்கேயும், 1967-ல் தொடங்கிய பெங்களூர் தேசிய மையத்திலும் மறக்க முடியாது. பூசை திருப்பலி ஆயிற்று. 'இஸ்பிரீத்து சாந்து' தூய ஆவி ஆனார். 1995-ல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தது. திருப்பாடல்களைப் பாடுவதற்குத் தேவையான தமிழ் நம் கையில் இருக்கிறது.

அதே காலத்தில் இன்னொரு காற்றும் அடித்தது. 1967-ல் அமெரிக்காவின் டுக்கேன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அருங்கொடை இயக்கம் 1970-களின் தொடக்கத்திலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. செபக்கூட்டங்கள் பெருகின. ஒலிநாடாக்கள் வந்தன. முன்பு கத்தோலிக்கக் குருவாக இருந்த பெர்க்மான்ஸ் அவர்களின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' போன்ற தொகுப்புகள் சபை எல்லையைத் தாண்டி எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்தன. இப்போது கைபேசியில் வாரத்துக்கு ஒரு புதுப் பாட்டு வந்து விழுகிறது. இவற்றை ஏளனம் செய்கிறவர்களோடு நாங்கள் சேர மாட்டோம். படிக்காத ஒரு பெண் விடியற்காலையில் சோறு வடிக்கும்போது கடவுளை நேரே விளித்துப் பேசப் பழகியது இந்தப் பாட்டுகளால்தான். அந்த நெருக்கத்தை நம் பழைய தியானப் பாடல்கள் எல்லாம் தந்தன என்று சொல்ல முடியாது.

குறை எங்கே என்றால், இந்தப் பாட்டுகளில் 'நான்' மிகுதி, 'நாம்' குறைவு. செபக்கூட்டத்தில் தனி ஆளின் மன்றாட்டாக அது பொருந்தும். திருப்பலியோ சபையின் செயல். 2020-ல் அமெரிக்க ஆயர்களின் கோட்பாட்டுக் குழு, வழிபாட்டுப் பாடல் வரிகளை மதிப்பிட ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நற்கருணையை வெறும் அப்பமாகச் சொல்லிவிடும் வரிகள், மூவொரு கடவுளைத் தெளிவில்லாமல் சொல்லும் வரிகள் முதலானவற்றை அது எச்சரிக்கிறது. அந்த அளவுகோலை நம் தமிழ்ப் பாட்டுகளுக்கும் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனாலும் எங்கள் வாசலில் அழுத தாய்க்கு அது போதாது. ஒரு பாட்டில் ஒவ்வொரு வரியும் கோட்பாட்டுக்குச் சரியாக இருக்கலாம். இருநூறு பாட்டும் சேர்ந்து சிலுவை இல்லாத ஓர் ஆண்டவரைக் காட்டிவிடலாம்.

நாங்கள் செய்த சிறு முயற்சியைச் சொல்கிறோம். பாடற்குழுவினரும் அன்பியங்களிலிருந்து வந்த நெசவாளர் சிலரும் ஐந்து ஞாயிறு மாலைகளில் உட்கார்ந்து நோட்டைப் பாட்டுப் பாட்டாக வாசித்தோம். பாடவில்லை, வாசித்தோம். மெட்டை உருவிவிட்டால் சில பாட்டுகளில் கையில் ஒன்றுமே நிற்கவில்லை. ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, "சாமி, இதுல ஜரிகை இருக்கு, பாவுதான் இல்ல" என்றார். இன்னொரு பாட்டை, இலக்கணப் பிழை இரண்டு இருந்தும், வேண்டும் என்று எல்லோரும் பிடிவாதம் பிடித்தார்கள். நல்ல கள்வனை ஆண்டவர் நினைத்துக்கொண்டதைச் சொல்லும் பாட்டு அது. பிழையைத் திருத்தி வைத்துக்கொண்டோம். பாடற்குழுவில் ஒரு தம்பி, "ஃபாதர், புலம்பல் பாட்டுப் பாடினா இளைஞர்கள் வரமாட்டாங்க" என்றான். நியாயமான பயம்தான். அவனுக்கு இன்னும் முழுப் பதில் எங்களிடம் இல்லை.

இம்மாதம் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாள். 130ஆம் திருப்பாடலை ஒப்பாரி மெட்டில் அமைத்து, கீபோர்டை நிறுத்திவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் பாடினோம். சிலருக்குப் பிடிக்கவில்லை. இது வழிபாடா, சாவு வீடா என்று ஒருவர் காதுபடவே கேட்டார். அந்தத் தாயும் வந்திருந்தார். மகன் கல்லறையருகே நின்று முதல் அடியைக் கேட்டார். இரண்டாம் அடியில் எங்கள் பாடற்குழு இழுத்த இழுப்பு சரியில்லை என்று கையை அசைத்து நிறுத்தி, எப்படி இழுக்க வேண்டும் என்று தாமே பாடிக் காட்டினார். பிள்ளைகள் திரும்பத் தொடக்கத்திலிருந்து பாடினார்கள்.